வலது தோளில் முந்தானை

நடந்தவை, வரிசையாக:

1. ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி எங்கள் கபடிக் குழு நடத்திய பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமமான புள்ளிகள். எதிரணிப் பெண் கடைசியாக 'கபடி கபடி' என்று பாடி வந்தாள். நான் அவள் கணுக்காலைப் பிடித்தேன்; அந்தப் பிடியை 'ஆங்கிள்' என்போம். ஜெயித்தோம்.

2. பிடித்த என் மேல் எல்லோரும் விழுந்ததில் என் இடது முட்டி உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை. இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

3. ஜூனியர் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு ஒரு கோச் போடப்போவதாகவும், அது நான்தான் என்றும் எங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சொன்னார். ஊன்றுகோலோடு மைதானத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

4. மாஸ்டரின் மச்சினர் ஓவியர். அந்தக் கடைசிப் பிடியை அவர் லினோவில் செதுக்கி அச்சு எடுத்தார்.

5. லினோவில் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறி விழும். செதுக்குவதற்கு முன்பே படத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் திருப்பவில்லை.

6. அதனால் படத்தில் காலைப் பிடித்திருப்பது நான் இல்லை.

ஆறாவதற்கு மட்டும் விளக்கம் வேண்டும். கபடியில் தடுக்கும் அணி நடுக்கோட்டைப் பார்த்து வளைவாக நிற்கும். வளைவின் இரண்டு முனைகளில் நிற்பவர்கள்தான் கார்னர். நடுவை ஒட்டி நிற்பவர்கள் கவர். நான் லெஃப்ட் கார்னர். என் தோழி ரைட் கார்னர். எட்டாம் வகுப்பிலிருந்து நாங்கள் அந்த இரண்டு முனைகளில்தான் நின்றோம். எங்கள் மைதானத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. "லெஃப்ட் கார்னர் மூதி, எங்கட்டி பாக்க?" என்பார் மாஸ்டர். "ரைட் கவர், ஒறக்கம் வருதா? பாய் கொண்டாரவா?" என்பார். கடைத்தெருவில் அம்மாவோடு போகும்போது எதிரே வந்தால்கூட, "என்ன லெஃப்ட் கார்னர், சேலை எடுக்கவா?" என்றுதான் கேட்பார். நிற்கும் இடம்தான் ஆள். வேறு அடையாளம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஓவியர் முகம் வரைவதில்லை. சென்னையில் கலைக் கல்லூரியில் படித்தவர். இங்கே ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் சார். உடம்புகளை வளைவுகளாகவும் ஆப்புகளாகவும் மாற்றிவிடுவார். தலை ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இருக்கும். கண், மூக்கு, வாய் எதுவும் இருக்காது. பனியனில் எண்ணும் போடமாட்டார். முகமும் எண்ணும் இல்லாத படத்தைக் கபடி ஆடுகிறவர்கள் பார்த்தால், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் யார் யார் என்று சொல்வார்கள். இடம் மாறினால் ஆள் மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கடைசிப் பாட்டின்போது ரைட் கார்னர் களத்திலேயே இல்லை. அதற்கு முந்தைய பாட்டில் தொடப்பட்டு அவுட்டாகி, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவின் அறை ஒரு தறிக்கூடத்தின் பின்னால் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஓடும்போது இந்தப் பக்கம் கோப்பைகள் அலமாரியில் மெல்ல நகரும். டிராயிங் சார் அந்த அறையில்தான் அச்சு எடுத்தார். லினோ என்பது தரையில் ஒட்டும் தடித்த ஷீட் போன்றது. வேண்டாத இடங்களை உளியால் தோண்டி எடுத்துவிட்டு, எஞ்சிய மேட்டில் ரோலரால் கறுப்பு மையைப் பூசினார். அதன்மேல் தாளைப் பரப்பி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஓரத்திலிருந்து தேய்த்துக்கொண்டே வந்தார். பயிற்சி முடிந்து வந்த பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

தாளை உரித்தார்.

படம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தடுக்கும் அணியின் முதுகுப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல அமைத்திருந்தார். எங்கள் அணியில் எஞ்சிய நான்கு பேரும் நான்கு கறுப்பு அரிவாள்கள் மாதிரி வளைந்து உள்ளே பாய்ந்தார்கள். பாடி வந்தவள் நடுக்கோட்டை நோக்கி ஒரே சாய்வாக இழுபட்டிருந்தாள். அவள் காலும் அதைப் பிடித்த கையும் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்று தெரியாமல் ஒரே கோடாக ஓடின. அந்தக் கோட்டைப் பார்த்ததும், அன்று முட்டி திரும்பியபோது கேட்ட சத்தம் எனக்குள் மறுபடி கேட்டது. நடுக்கோட்டுக்கு அப்பால், எங்களைப் பார்த்தபடி, வேடிக்கை பார்க்கும் பெண்கள் ஒரு வரிசை. அதில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கையால் வாயைப் பொத்தியிருந்தாள். அது என் அம்மா. அன்றுதான் முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். டிராயிங் சார் கூட்டத்தில் இருந்தபடி பென்சிலால் வரைந்துகொண்டதில் அவளும் விழுந்திருக்கிறாள்.

ஆனால் கால் பிடிபட்டது வலது மூலையில்.

"சார், திருப்பிச் செதுக்கலையா?" என்று கேட்டேன்.

"என்னத்தத் திருப்பி?"

"எடம் வலமாயிருக்கு சார். நான் லெஃப்ட் கார்னர்லா?"

அவர் சிரித்தார். "ஏட்டி, இது என்ன ரப்பர் ஸ்டாம்பா? இதுல எவ எங்க நிக்கான்னு பாக்கக் கூடாது. அந்த வேகத்தப் பாரு."

பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என் தோழியைப் பார்த்தார்கள்.

"ஏட்டி ரைட் கார்னர், நீ எப்பட்டி ஆங்கிள் போட்ட? எங்களுக்குத் தெரியாம?" என்றாள் ஒருத்தி.

"நானா? வெளிய உக்காந்து கடலை தின்னுட்டு இருந்தேன். தின்ன கை அப்படியே நீண்டு போய்ப் புடிச்சிருக்கும் போல," என்றாள் என் தோழி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான் டெக்ஸ்டைல் டெக்னாலஜி டிப்ளமோ படித்தவள். ஒரு டிசைன் சென்டரில் கம்ப்யூட்டரில் சேலைக்குக் கரையும் முந்தானையும் போடுவது என் வேலை. நான் போடும் கட்டங்களைப் பார்த்துத்தான் தறியில் எந்த நூல் ஏறவேண்டும், எது இறங்கவேண்டும் என்று தீர்மானமாகும். சில தறிகளில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படிதான் நெய்வார்கள். அவற்றுக்குப் படத்தைத் திருப்பிப் போடாவிட்டால் மயில் எதிர்ப்பக்கம் பார்க்கும். மயிலுக்குப் பரவாயில்லை. எழுத்து வந்தால் மொத்தச் சேலையும் போயிற்று. அதனால் எதைப் பார்த்தாலும் இது எந்தப் பக்கம் என்று கேட்பது எனக்குப் பழக்கம். டிராயிங் சாரிடம் நான் கேட்டதும் அந்தப் பழக்கத்தில்தான்.

அடுத்த போட்டியின் தொடக்க விழாவில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முதலாளிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. முதலாளி என்றால் ஊரில் பல தறிக்கூடங்களுக்குச் சொந்தக்காரர். ஜூனியர் அணியின் பனியனில் அவருடைய சேலைக் கடையின் பெயர்தான் இருக்கும். கோச்சுக்குச் சம்பளம் கொடுக்க ஒத்துக்கொண்டவரும் அவர்தான். "மேடைல வச்சு ஒம் பேரச் சொல்ல வைக்கேன், நல்ல சேலையாக் கட்டிட்டு வா" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆட முடியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான். களத்துக்குள் நிற்க முடியாது. கோட்டோரமாவது நிற்கலாம் என்று இருந்தேன். முட்டியில் கட்டோடு, நான் போட்ட டிசைனிலேயே நெய்த காட்டன் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். மேடைக்குக் கீழே எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

முதலாளி படத்தைக் கையில் வாங்கினார். மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் பேசியது மைதானம் முழுக்கக் கேட்டது.

"யாரு வே இந்தப் பிள்ள? அட்டை மாதிரில்லா கால அப்பிப் புடிச்சிருக்கா!"

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாகக் களத்தைப் பார்த்துப் பழகிய கண்கள். வளைவைப் பார்த்தார், முனையைப் பார்த்தார், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரைட் கார்னர், மொதலாளி."

அந்த நொடியில் அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொன்ன பிறகு அவர் கண் என்னிடம் வந்தது. வந்து, ஒரு கணம் நின்று, விலகிப் பந்தல் கம்பைப் பார்த்தது. பொய் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"எங்க அந்தப் பிள்ள? மேல வரச் சொல்லும். இந்தப் புடியப் புடிச்சவதான் நம்ம ஜூனியர் பிள்ளைகளுக்குக் கோச். வேற எவ சொல்லிக் குடுப்பா? என்ன சொல்லுதீக?" என்றார் முதலாளி. கூட்டம் கைதட்டியது.

என் தோழி அணியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். மேடைப் படியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

நான் எழுந்திருக்க முயன்றேன். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எழ எனக்கு அப்போதெல்லாம் நேரமாகும். ஒரு காலை நீட்டி, பாரத்தை மறுகாலுக்கு மாற்றி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு எழவேண்டும். நான் எழுந்து நின்றபோது பொன்னாடை போர்த்தி முடித்திருந்தார்கள். போட்டோக்காரர், படத்தில் உள்ளதுபோல ஒரு போஸ் கொடுக்கச் சொன்னார். பிடிக்கக் கால் இல்லை. அவள் மேடையில் மண்டியிட்டு மைக் ஸ்டாண்டின் காலைப் பிடித்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் மாலை மைதானத்துக்குப் போனேன். ஜூனியர் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் தோழி விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அது அதுவரை என் கழுத்தில் இருந்த விசில்.

"நேத்து நீ சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"என்னன்னுட்டி? மைக்கப் புடிச்சு, 'ஐயா, நான் அப்ப அவுட்டாகி வெளிய உக்காந்திருந்தேன்'னா?"

"ஆமா."

"நீயா இருந்தா சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"சொல்லுவ. ஒனக்கு ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் இருக்கு. நான் தறிக்கூடத்துல தார்க்குச்சில நூலச் சுத்திச் சுத்தி, மூக்கச் சிந்துனா நூலாட்டம் வருது. ஒனக்கு இது ஆசை. எனக்கு இது சோறு."

"எனக்கு வேற என்ன இருக்கு?"

அவள் என் முட்டியைப் பார்த்தாள். பிறகு விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"எல்லாவளும் இங்க வாங்க. அக்கா இன்னைக்கு ஆங்கிள் போட்டுக் காட்டப் போறா," என்றாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவள் நடுக்கோட்டுக்குப் போனாள். "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வந்து, நான் நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு காலை நீட்டி வைத்தாள். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே பாதத்தை அசைத்தாள். கையால் எட்டிப்பிடிக்கும் தூரம். குனிந்தால் போதும். ஆனால் முட்டி மடங்காமல் குனிகிற பிடி கபடியில் கிடையாது.

"புடிட்டி. இந்தா இருக்கு. புடி," என்றாள், பாட்டை நிறுத்திவிட்டு. "கோச்சுல்லா? புடி."

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு என்று தோன்றியிருக்கும். "அக்கா புடிங்க, அக்கா புடிங்க" என்று கத்தினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் பாதத்தை என் ஊன்றுகோலின் நுனியில் ஒருமுறை தட்டிவிட்டு, திரும்பி நடந்துபோய் நடுக்கோட்டைத் தொட்டாள்.

"பாத்தீங்களா? ஒரு பாயிண்ட் போச்சு," என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அவள் குரல் சிரித்தது. முகம் சிரிக்கவில்லை.

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"படத்துல இருக்கதச் சொன்னேன்," என்றார்.

"படம் திரும்பி விழுந்திருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும் மாஸ்டர். அந்தப் பாட்டுல ரைட் கார்னரே கிடையாது."

"தெரியும்ட்டி. நாந்தான அவள வெளிய உக்கார வச்சேன். தெரியாமலா? ஆனா மேடைல நின்னு, படம் தப்புன்னு எப்படிச் சொல்லச் சொல்லுத? எம் மச்சினன் அங்கன நிக்கான். நாலு மாசமா ஒக்காந்து செதுக்குனவன். வீட்டுல சோறு கெடைக்க வேண்டாமா எனக்கு?"

"இப்பவாவது மொதலாளிட்டச் சொல்லலாம்லா?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லுதேன், கேளு. ஒனக்கு நான் குடுக்கேன்னது பாவம் பாத்து. கால் போன பிள்ள, ஒரு ஓரமா நின்னுட்டுப் போகட்டும்னுதான். கோச் ஓடணும், விழணும், எந்திரிக்கணும். இப்ப அதுவா மாறிருச்சு. நல்லதுக்குத்தான்னு வச்சுக்கோ."

அதுவரை அந்த வேலையை நான் சம்பாதித்ததாக நினைத்திருந்தேன். பாவம் பார்த்துக் கொடுத்ததாக அவர் சொன்னதுதான், அந்த வாரத்தில் நடந்தவற்றிலேயே எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டில் அம்மா, "போகட்டும் விடு. ஒம் பேரு வராததே நல்லது. பொண்ணு பாக்க வாரவுக படத்தப் பாத்தா, கால் எப்படிப் போச்சுன்னு கதை கேப்பாக," என்றாள். அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அதன்பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. டிராயிங் சார் எல்லோருக்கும் ஒரு அச்சு கொடுத்திருந்தார். எனக்கும் ஒன்று. அதை மேஜையில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்துக்குள்ளேயே ஏதாவது சாட்சி இருக்கிறதா என்று தேடினேன். கபடிக் களம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கோடுகள் ஒரே மாதிரி. திருப்பிப் போட்டாலும் எதுவும் இடிக்காது. ஆனால் பின்வரிசைப் பெண்கள் இடித்தார்கள். அவர்களுடைய சேலைகளின் முந்தானையை டிராயிங் சார் தடித்த கறுப்புப் பட்டையாக மார்பின் குறுக்கே போட்டிருந்தார். எல்லாப் பட்டையும் வலது தோளில் ஏறியிருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வலது தோளில் முந்தானை போடமாட்டாள்.

சேலை வியாபாரிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

முதலாளியின் அலுவலகத்துக்குப் போனேன். சேலைக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவர் நாற்காலிக்கு மேலே படம் தொங்கியது.

"டிசைன் சென்டர் பிள்ளதான நீ? அந்த மயில் முந்தானை நீ போட்டதாம்லா. நல்லாப் போகுது," என்றார்.

"மொதலாளி, படத்துல பின்னால நிக்க பொம்பளைங்களக் கொஞ்சம் பாருங்க. முந்தானை எந்தத் தோள்ல இருக்கு?"

அவர் எழுந்து படத்துக்கு அருகில் போனார். விரலால் ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்த்தார். திரும்பித் தன் மானேஜரைக் கூப்பிட்டார்.

"ஏவே, இங்கன வாரும். நம்ம ஊர்ப் பொம்பளைங்க எந்தத் தோள்ல வே போடுவாளுவ?"

"எடது தோள்ல, மொதலாளி."

"அப்ப இவளுவ?"

மானேஜர் எட்டிப் பார்த்தார். "எல்லாவளும் வடநாட்டுச் சேட்டம்மா மாதிரிலா நிக்காளுவ! வரஞ்சவரு வீட்டுல பொம்பளையே கிடையாதோ?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், படம் இடம் வலமாகத் திரும்பி விழுந்திருப்பதைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை. நல்ல பக்கமும் அடிப்பக்கமும் பார்த்தே வாழ்ந்தவர். பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"அப்ப, கால் புடிச்சது எடது மூல."

"ஆமா."

"அது நீ."

"நான்தான்."

அவர் என் காலைப் பார்த்தார். "அந்தக் கம்ப இங்கன வச்சிட்டு, வாசல் வரைக்கும் போயிட்டு வா பாப்போம்."

நான் ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்தேன். வாசல்வரை நடந்து திரும்பி வந்தேன். எத்தனை நன்றாக முடியுமோ அத்தனை நன்றாக நடந்தேன். மானேஜர் சேலைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் கடைசிவரை பார்த்தார். தறியிலிருந்து அறுத்து எடுத்த சேலையில் பழுது இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"நீ சொல்லுததுதான் சரி. நான் சொன்னது தப்பு," என்றார். "ஆனா பாரு, வெளியூருக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறப்ப, நொண்டி கோச்சுன்னு ஒருத்தன் சொல்லுவான். அந்தப் பனியன்ல எங் கடை பேரு இருக்கு. மேடைல வேற சொல்லியாச்சு. சொன்னது சொன்னதுதான்."

நான் ஊன்றுகோலுக்குக் கை நீட்டினேன்.

"முந்தானைய மட்டும் மாத்தச் சொல்லுதேன். சேலை விக்கவன் ஆபீஸ்ல முந்தானை மாறித் தொங்குனா எனக்குல்லா கேவலம்? நல்லவேளை, நீ பாத்துச் சொன்ன. ஒங் கண்ணு நல்ல கண்ணு." மானேஜரிடம் திரும்பி, "அடுத்த செட்டு டிசைனும் இந்தப் பிள்ளைட்டயே குடுத்துரும்," என்றார்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் டிராயிங் சார் என்னைக் குழு அறைக்கு வரச் சொன்னார். லினோ மேஜையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் உளியைக் கையில் எடுத்தார்.

"நீ மூட்டுன தீ. நீயே நின்னு பாரு," என்றார்.

"சார், புதுசா ஒண்ணு செதுக்குனா என்ன? திருப்பி வரஞ்சு..."

"செதுக்குனதையே திரும்பச் செதுக்க நான் என்ன தறியா? அதே படம் அதே படம்னு நெய்ஞ்சுக்கிட்டே இருக்கதுக்கு?"

லினோவில் தோண்டியதை நிரப்ப முடியாது. முந்தானையை மறு தோளுக்கு மாற்ற வழியே இல்லை. அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பெண்களை எடுத்துவிடுவது. ஓரத்திலிருந்து தொடங்கினார். உளி அழுந்திப் போகப்போக, உரித்த பழத்தோல் மாதிரி லினோ சுருண்டு தரையில் விழுந்தது. ஒருத்திக்கு மூன்று நான்கு இழுப்பு. வாயைப் பொத்தி நின்றவளிடம் வந்தபோது, "இது யாரு, ஒங்கம்மையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். அவளுக்கும் நான்கு இழுப்புதான்.

மை பூசி, தாள் பரப்பி, கரண்டியால் தேய்த்து, உரித்தார்.

நடுக்கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. பாடி வந்தவள் அந்த வெள்ளையை நோக்கி எட்டிக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை. பின்னால் அந்த ஒற்றைக் கை இழுத்துக்கொண்டிருந்தது. முன்பு கூட்டத்தில் சிதறிய கண், இப்போது நேராக அந்தப் பிடியில் போய் நின்றது. படம் முன்பைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. டிராயிங் சாருக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து பார்த்தார்.

"ஏட்டி," என்றார், கோபமெல்லாம் போன குரலில். "இப்பத்தாண்டி இது படம். நீ சொல்லாட்டா எனக்குத் தோணியிருக்காது."

அவர் உண்மையாகவே நன்றி சொன்னார். தரையில் கிடந்த சுருள்களைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளி வெளியே கொட்டினார். வேறு சாட்சி அந்தப் படத்தில் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான கோடுகளும், முகமில்லாத நான்கு பேரும் பாடி வந்தவளும் மட்டும்தான்.

இப்போது நிலைமை இது. புதிய அச்சு முதலாளியின் அலுவலகத்தில் தொங்குகிறது. சென்னையில் ஒரு கண்காட்சிக்கும் அது தேர்வானது. டிராயிங் சார் அதற்கு வைத்திருக்கும் தலைப்பு 'ரைட் கார்னர்'. என் தோழி தார் சுற்றும் வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கோச்சாக இருக்கிறாள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன், ஆனால் மண்டியிட முடியாது. முதலாளி கொடுக்கும் டிசைன்களைப் போட்டுக் கொடுக்கிறேன். ஜூனியர் அணியில் இடது மூலைக்கு இன்னும் யாரும் தேறவில்லை. இரண்டு மூலைக்கும் கால் வைக்கும் முறை வேறு. அவளுக்கு வலது மூலைதான் தெரியும். கடைசியாக ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் எதிரணி இடது மூலையிலேயே பாடிப் பாடி ஜெயித்தது. வந்து அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அவள் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை.